தலைசுத்தலுக்கு எல்லாத்தையும் பாத்தாங்க, கண்ண மட்டும் பாக்கல

தலைசுத்துதுன்னு போன எடத்துல எல்லாம் பிரஷர் பாத்தாங்க, சுகர் பாத்தாங்க, கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, மண்டைக்குள்ள ஸ்கேன் போட்டு பாத்தாங்க. சுத்திக்கிட்டு இருக்குற அந்த நிமிஷத்துல என் கண்ணு என்ன பண்ணுதுங்கறத மட்டும் ரொம்ப நாளைக்கு யாரும் பாக்கல. கடைசியில பதில் அங்கதான் இருந்துச்சு, அதுவும் காசே ஆகாத பதில். இத யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மாச வருமானமும் கையில இருந்த சேமிப்பும் தப்பிச்சிருக்கும், அதான் எழுதறேன். நான் டாக்டர் கெடையாது, சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து பிரைவேட் ஹயர் கார் ஓட்டறவன், அதுக்கு முன்னாடி கட்டுமான சைட்ல சூப்பர்வைசர். எனக்கு நடந்தத சொல்றேன், உங்களுக்கு என்னங்கறத உங்க டாக்டர்தான் சொல்லணும்.

வீட்டுக்காரி அவ தங்கச்சி மக கல்யாணத்துக்கு காரைக்குடி போயிருந்தா, வீட்ல நான் மட்டுந்தான். விடியகால ஷிஃப்ட்டுக்கு அலாரம் அடிக்கவும் வலது பக்கம் பொரண்டு போன எடுக்க போனேன். மேல இருந்த ஃபேன், அலமாரி, ஜன்னல் எல்லாம் ஒரு பக்கமா ஓடுது. ஓடி முடிஞ்சு திரும்ப மொதல்ல இருந்து ஓடுது. கட்டில்ல இருந்து கீழ விழுந்துட்டேன்னே நெனச்சேன், ஆனா படுத்த எடத்துலதான் கெடக்கேன். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, நின்னுடுச்சு. அப்பாடான்னு எந்திரிச்சு உக்காந்தா மறுபடியும், இந்த தடவ எதிர்ப்பக்கமா. தவழ்ந்து பாத்ரூம் போயி வாந்தி எடுத்துட்டு அந்த ஈரத்தரையிலயே சாஞ்சு கெடந்தேன். எங்கப்பா ஸ்ட்ரோக் வந்து போனவர், அதனால மனசுல ஓடுனதெல்லாம் அது ஒண்ணுதான். கை தூக்கி பாத்தேன், கண்ணாடியில சிரிச்சு பாத்தேன், எம்பேர நானே சத்தமா சொல்லி பாத்தேன். கதவ தெறந்து வச்சுட்டு படுப்போம், எதாவது ஆயிட்டா யாராச்சும் பாப்பாங்கன்னு கூட தோணுச்சு. பயம்னா அப்படி ஒரு பயம்.

வெளிச்சம் வந்ததும் சுவத்த புடிச்சிக்கிட்டே லிஃப்ட் எறங்கி புளோக்குக்கு கீழ இருக்குற கிளினிக்குக்கு போனேன். பிரஷர் கொஞ்சம் கூட இருந்துச்சு, பயத்துல இருக்காதா பின்ன. கேஸ்ட்ரிக்கா இருக்கும்னு வாந்திக்கு ஒரு ஊசி, தலைசுத்தலுக்கு மாத்திரை, எம்சி, அதான் லீவுக்கு காட்டுற மெடிக்கல் சர்டிஃபிகேட். சொந்தத்தொழில் பண்றவனுக்கு எம்சி எதுக்கு, எந்த மொதலாளி கிட்ட குடுக்க? நான் ஓட்டறது வாடகைக்கு எடுத்த கார், வாடகை ஒரு நாளைக்கு எழுபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல, கார்பார்க்ல சும்மா நின்னாலும் அந்த காசு போயிக்கிட்டே இருக்கும். அந்த மாத்திரைய போட்டா தூக்கம் தூக்கமா வரும், அதுலயும் வண்டி எடுக்க முடியாது. அப்பறம் தெரிஞ்சிக்கிட்டது என்னன்னா, சின்னாரிசின், புரோக்ளோர்பெராசின் மாதிரி மாத்திரைங்க எல்லாம் சுத்துற உணர்ச்சிய மந்தப்படுத்தும், குமட்டல கொறைக்கும், அவ்வளவுதான். எனக்கு இருந்த கோளாற அதுங்களால சரி பண்ண முடியாது. மொத ஓரிரு நாளைக்கு உதவும், வாரக்கணக்கா போட்டுக்கிட்டே இருந்தா மூளை தானா பழகி சமாளிக்கறதையும் அது தாமதப்படுத்தும்னு சொன்னாங்க.

அடுத்த வாரம் திரும்ப அதே மாதிரி பெருசா வந்துச்சு, நேரா ஆஸ்பத்திரி ஏ அண்ட் இ, அதாவது அவசர சிகிச்சை பிரிவுக்கு போயிட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல, அவங்க மேல கோவமும் இல்ல, ஏன்னா அவங்க தேட வேண்டியது உயிருக்கு ஆபத்தானத, அத தேடுனாங்க. பல மணி நேரம் காத்திருந்து, இசிஜி, ரத்தம், தலைக்கு சிடி ஸ்கேன். எல்லாம் நார்மல், வீட்டுக்கு போங்கன்னுட்டாங்க. அந்த வார்த்த எனக்கு ஒரு ராத்திரி நிம்மதி குடுத்துச்சு, அவ்வளவுதான். தலைசுத்தல் சம்பந்தப்பட்ட ஸ்ட்ரோக் மூளையோட பின்பக்கம் கீழ வரும், அந்த எடத்த சுத்தி தடிமனான எலும்பு இருக்கறதால அடைப்பு புதுசா இருந்தா சிடியில பெரும்பாலும் தெரியாது. சிடி ரத்தக்கசிவ நல்லா காட்டும், இத காட்டாது. அதுவும் போக, நான் அங்க போயி சேந்தப்ப அசையாம சாஞ்சு உக்காந்திருந்தேன், அப்ப கண்ணு சும்மாதான் இருக்கும். எனக்கு இருந்த வியாதி தலைய ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்ச்சாதான் வெளிய வரும். யாரும் சாய்ச்சு பாக்கல. அதனால எங்க போனாலும் மொதல்லயே இத சொல்லுங்க: எந்த அசைவுல வருது, எத்தன செகண்ட் நிக்குது, அசையாம இருந்தா நிக்குதா நிக்கலையா. "தலைசுத்துது டாக்டர்"ன்னு மட்டும் சொன்னா பசிமயக்கத்துல இருந்து பிரஷர் வரைக்கும் எல்லாமே அதுல அடங்கிடும்.

இதுக்கப்பறம் ஆளாளுக்கு வைத்தியம். கூட ஓட்டுற மச்சான் ஒருத்தன் "இது கழுத்து எலும்பு தேய்மானம்டா, நாள் பூரா ஸ்டியரிங் புடிச்சா வராதா"ன்னான். எக்ஸ்ரே எடுத்தா தேய்மானம் இருக்குன்னு வந்துச்சு. நாப்பத தாண்டுன நெறைய பேருக்கு எடுத்தா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்னு அப்ப எனக்கு யாரும் சொல்லல. லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மசாஜ் கடையில பேக்கேஜா பணம் கட்டி கழுத்த புடிச்சு விட்டாங்க, படுக்க வச்சு தலைய திருப்பறப்பவே சுத்திடுச்சு, பாதியில ஓடி வந்துட்டேன், மிச்ச காசு திரும்ப வரல. அப்பறம் பிரைவேட்ல எம்ஆர்ஐ, ஆயிரம் வெள்ளிக்கு மேல. அதுவும் நார்மல். ரிப்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல உக்காந்து அழுதேன், நார்மல்னு வந்ததுக்கு அழுத ஆளு நானாத்தான் இருப்பேன். ஒண்ணுமே இல்லன்னா அப்ப இது என்ன, மனநோயா? வீட்டுக்காரி போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

வழி காட்டுனது பாலிகிளினிக்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல, ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ஸ்கேன் ரிப்போர்ட்ட மேலோட்டமா பாத்துட்டு கீழ வச்சுட்டாங்க. "படுக்கையில பொரண்டா வருதா? மேல அலமாரிய அண்ணாந்து பாத்தா?" ரெண்டுக்கும் ஆமான்னேன். பெட்ல உக்கார வச்சு தலைய வலது பக்கம் பாதி திருப்பி, சட்டுன்னு பின்னால படுக்க வச்சாங்க, தலை மட்டும் விளிம்புக்கு கீழ கொஞ்சம் தொங்குற மாதிரி. "கண்ண மூடாதீங்க, என்ன ஆனாலும் மூடாதீங்க." சுத்த ஆரம்பிச்சதும் தன்னால கண்ண இறுக்கி மூடத்தான் தோணும், யாரா இருந்தாலும். மூடிட்டா சோதனையே வீண். நான் பல்ல கடிச்சிக்கிட்டு தெறந்து வச்சிருந்தேன், அவங்க என் கண்ணையே பாத்துக்கிட்டு வாய்க்குள்ள செகண்ட எண்ணிக்கிட்டு இருந்தாங்க. இந்த சோதனைக்கு டிக்ஸ் ஹால்பைக்னு பேரு, 1952ல எழுதி வச்ச ரெண்டு டாக்டருங்க பேரு. ஒரு பெட்டு, ஒரு ஜோடி கை, ஒரு ஜோடி கண்ணு, இத தவிர எதுவும் வேணாம். கண்ணு ஆடுது, ஆனா எந்த பக்கம்னு தெளிவா புடிக்க முடியல, மாத்திரை வேற போட்டிருக்கீங்க, இஎன்டிக்கு (காது மூக்கு தொண்டை பிரிவு) எழுதறேன்னாங்க. பாலிகிளினிக் லெட்டரோட போனா மானிய ரேட்டு, நேரா நாமளா ஸ்பெஷலிஸ்ட் கிட்ட போனா பிரைவேட் ரேட்டு, வித்தியாசம் பெருசு. ஆனா அப்பாய்ன்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கா காத்திருக்கணும். அவசரமான அறிகுறி இல்லாதவரைக்கும் காத்திருக்கலாம்ங்கறது என் கருத்து.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் அப்ப புரியல. ரெண்டு உள்காதுலயும் மூணு மூணு அரைவட்டக் குழாய், உள்ள திரவம். சைட்ல நாங்க ரசமட்டம் வச்சு பாப்போமே, சாய்ச்சா உள்ள இருக்குற குமிழி நகருமே, ஏறக்குறைய அந்த வேலைய இது தலைக்கு பண்ணுது. தலை வலது பக்கம் திரும்புனா அந்த சேதி நேரா கண்ணு தசைக்கு போயி, கண்ணு அதே அளவுக்கு இடது பக்கம் திரும்பும், அதனாலதான் நடந்துக்கிட்டே கடை போர்ட படிக்க முடியுது. ஒரு காதுல இருந்து பொய்ச்சேதி போச்சுன்னா, தலை அசையாமலே கண்ணு மெதுவா ஒரு பக்கம் வழுக்கிக்கிட்டே போகும், ஓரம் போனதும் மூளை வெடுக்குன்னு திரும்ப இழுக்கும், திரும்ப வழுக்கும். இதுக்கு நிஸ்டாக்மஸ்னு பேரு. நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தவும் முடியாது, இத அப்படியே வரவழைச்சு நடிக்கறதும் கிட்டத்தட்ட முடியாது. மெதுவா வழுக்கறது காதோட வேலை, வெடுக்குனு இழுக்கறது மூளையோட வேலை, ஆனா வேகமா போற பக்கத்த வச்சுதான் அதுக்கு திசை சொல்லுவாங்க. எந்த திசை, நேரா போகுதா முறுக்கிக்கிட்டு போகுதா, எத்தன செகண்ட் கழிச்சு தொடங்குது, எப்ப நிக்குது, இத வச்சே எந்த காது, எந்த குழாய், இல்ல காதே இல்லையா மூளையான்னு பிரிச்சிடலாம். ஸ்கேன்ல இது எப்படி தெரியும்? அசையாம படுத்தவனோட படம்தான அது.

காத்திருக்கற நாள்ல டாக்டரம்மா சொன்ன ஒரு வேலைய செஞ்சேன், அதுதான் எனக்கு ரொம்ப கை குடுத்துச்சு: சுத்தும்போது கண்ண வீடியோ எடுங்கன்னாங்க. எதிர்வீட்டு மலாய்க்கார பையன் பாலிடெக்னிக் படிக்கறான், அவன கூப்புட்டேன். "அங்கிள், ஆம்புலன்ஸ் கூப்புடவா"ன்னு மொதல்ல பயந்துட்டான். எடுக்கறவங்களுக்கு சில விஷயம். செல்ஃபி கேமரா வேணாம், ஸ்கிரீன்ல நம்ம மூஞ்சிய உத்து பாத்தா அந்த பார்வையே ஆட்டத்த அமுக்கிடும், பின்பக்க கேமராவுல இன்னொருத்தர் எடுக்கணும். ஜன்னல் வெளிச்சம் போதும். போன படுக்கவசமா புடிச்சு, ரெண்டு கண்ணும் நிறைய தெரியற மாதிரி கிட்ட வச்சு, மேல் இமை தொங்குனா வெரலால லேசா தூக்கி விடணும். நம்ம நேரா மேல பாத்துக்கிட்டு இருக்கணும். "இப்ப வலது பக்கம் சாயறேன்"னு வாயால சொல்லிக்கிட்டே சாயுங்க, சத்தமும் பதிவாகும், அப்பறம் எந்த பக்கம்னு குழப்பம் வராது. சுத்தறது நின்னப்பறமும் எடுத்துக்கிட்டே இருந்து, எந்திரிச்சு உக்காறதையும் சேத்து எடுக்கணும், ஏன்னா எனக்கு வந்த வகையில உக்காந்ததும் கண்ணு எதிர்த்திசையில ஆடும், அதுவும் ஒரு சாட்சி. வீடியோவுல என் கண்ண நானே பாத்தப்ப ஒடம்பு சிலுத்துப்போச்சு. கருவிழி மேல்நோக்கி வெட்டி வெட்டி, அதே சமயம் திருகிக்கிட்டு போகுது. அப்ப இது என் மனப்பிரமை இல்ல! அந்த நிம்மதி எந்த ஸ்கேனும் குடுக்கல.

இஎன்டியில பேலன்ஸ் டெஸ்ட்டுன்னு ஒரு தனி நாள் குடுத்தாங்க, காது சோதனை பண்ற ஆடியாலஜிஸ்ட்தான் பண்ணுவாங்க. போறதுக்கு முன்னாடி தலைசுத்தல் மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்த சொன்னாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு நிறுத்துங்க, பிரஷர் மாத்திரை மாதிரி மத்தத நிறுத்தவே கூடாது. பெண்களுக்கு ஒண்ணு: அன்னைக்கு கண்மை, மஸ்காரா எதுவும் போடாதீங்க, முந்தின நாள் போட்டதையும் நல்லா கழுவிட்டு போங்க. கேமரா கருப்பா இருக்கறத கண்ணு பாப்பான்னு நெனச்சு பின்தொடரும், மை இருந்தா அது கொழம்பிடும், எனக்கு முன்னாடி போன ஒரு அம்மா அதுக்காகவே பாத்ரூமுக்கும் ரூமுக்கும் நடந்துக்கிட்டு இருந்தாங்க. கனமா சாப்பிட்டுட்டு போகாதீங்க, திரும்பி வர ஒரு ஆள கூட்டிக்கிட்டு போங்க.

நீச்சல் கண்ணாடி மாதிரி ஒண்ண மாட்டி மூடிட்டாங்க, உள்ள கும்மிருட்டு, ஆனா இன்ஃப்ராரெட் கேமரா கண்ண படம் புடிச்சு பெரிய ஸ்கிரீன்ல காட்டுது. ஏன் இருட்டுன்னா, எதையாச்சும் உத்து பாக்க கெடச்சா காதால வர்ற ஆட்டத்த மூளை அடக்கிடும், இருட்டுல அடக்க முடியாது. மூளை கோளாறால வர்ற ஆட்டம் பொதுவா உத்து பாத்தாலும் அவ்வளவா அடங்காதாம், அதுவே ஒரு துப்பு. மொதல்ல புள்ளிய பாக்க சொன்னாங்க, அப்பறம் படுக்க வச்சு திருப்புனாங்க. கூட இருந்த தமிழ் நர்ஸ் "அண்ணே கண்ண பெருசா தொறங்க, இன்னும் கொஞ்சந்தான்"னு கைய புடிச்சிக்கிட்டாங்க, அந்த ஒரு "அண்ணே"ல பாதி பயம் போயிடுச்சு. கடைசியா காதுக்குள்ள சூடாவும் குளிராவும் விட்டு பண்ற சோதனை. தண்ணியா இருந்தா 30 டிகிரி, 44 டிகிரி, அதாவது ஒடம்பு சூட்ட விட ஏழு கம்மி, ஏழு கூட. குளிர் விட்டா கண்ணு எதிர்ப்பக்கம் வெட்டும், சூடு விட்டா அதே பக்கம் வெட்டும், ரெண்டு காதும் சமமா வேல செய்யுதான்னு இதுல தெரியும். இத கண்டுபுடிச்ச கதை நல்லாருக்கும்: வியன்னாவுல ராபர்ட் பாரனின்னு ஒரு காது டாக்டர், காத தண்ணி பீச்சி கழுவறப்ப நோயாளிங்க தலைசுத்துதுன்னு சொல்றத கவனிச்சு, தண்ணியோட சூட்ட மாத்தி மாத்தி கண்ண பாத்திருக்காரு. 1914ஆம் வருஷத்து நோபல் பரிசு அதுக்குத்தான். பரிசு அறிவிச்சப்ப மனுஷன் ரஷ்யாவுல போர்க்கைதியா இருந்தாரு. அன்னைக்கு எனக்கு அவர் மேல மரியாத எல்லாம் வரல, வாந்திதான் வந்துச்சு.

முடிவு: வலது காது, பின்பக்க குழாய், பிபிபிவி, அதாவது தலைய ஒரு நிலைக்கு கொண்டு போனா வர்ற, உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுத்தல். உள்காதுல வேற ஒரு அறையில ஒட்டிக்கிட்டு இருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள் கழண்டு குழாய்க்குள்ள விழுந்திருக்கு, தலைய சாய்ச்சா அது உருளுது, உருளறப்ப பொய்ச்சேதி போகுது. சாய்ச்சு சில செகண்ட் கழிச்சு தொடங்கி ஒரு நிமிஷத்துக்குள்ள நிக்கறது, மேல்நோக்கி வெட்டிக்கிட்டு கீழ இருக்குற காது பக்கமா திருகறது, திரும்ப திரும்ப பண்ணா கொறையறது, இது மூணும் சேந்தா கிட்டத்தட்ட வேற சந்தேகம் வேணாம்னாங்க. என் வீடியோவ காட்டுனேன், அதே ஆட்டம். வைத்தியம் அதே பெட்ல, எப்லீ முறைன்னு. தலைய அந்தந்த நிலையில அரை நிமிஷம் ஒரு நிமிஷம் வச்சு, மெதுவா திருப்பி, ஒடம்ப உருட்டி, உக்கார வைக்கறது. துகள் வந்த வழியே வெளிய போயிடும். மருந்து இல்ல, ஊசி இல்ல, பத்து நிமிஷம் கூட ஆகல. அன்னைக்கு முழுக்க பஞ்சு மேல நடக்கற மாதிரி தள்ளாட்டம் இருந்துச்சு, ராத்திரி பயந்து பயந்து வலது பக்கம் பொரண்டேன், ஃபேன் அது பாட்டுக்கு மேலயே இருந்துச்சு.

எப்லீ வீடியோ ஆயிரம் கெடக்கே, வீட்லயே பண்ணிக்க வேண்டியதுதானன்னு மச்சான் கேட்டான், நான் அத ஆடியாலஜிஸ்ட் கிட்டயே கேட்டேன். எந்த காது, எந்த குழாய்னு தெரிஞ்சப்பறம் பண்ணலாம், அவங்களே எனக்கு சொல்லி குடுத்தாங்க. தெரியாம பண்ணா வீண், ஏன்னா துகள் படுக்கவச குழாய்ல இருந்தா கண்ணு பக்கவாட்டுல ஆடும், அதுக்கு எப்லீ ஒதவாது, பார்பிக்யூ ரோல்னு வேற முறை இருக்கு. கழுத்து எலும்பு பிரச்சின உள்ளவங்க சொல்லாம படுக்காதீங்க.

ஒண்ண மட்டும் கலந்துடாதீங்க. எனக்கு வந்தது அசைஞ்சா வர்றது, அசையாட்டி நிக்கறது. அசையாம இருந்தும் மணிக்கணக்கா விடாம சுத்துதுன்னா அது வேற கதை. காது நரம்பு வீக்கமாவும் இருக்கலாம், ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம். அதுக்கும் கண்ணுலதான் பாக்கறாங்க, ஹின்ட்ஸ்னு மூணு சோதனை. தலைய வெடுக்குன்னு திருப்பறப்ப கண்ணு பார்வைய விடாம புடிக்குதா, பாக்கற பக்கத்துக்கு ஏத்த மாதிரி ஆட்டம் திசை மாறுதா, ஒரு கண்ண மூடி தொறந்தா மேல கீழ நகருதா. பழகுன டாக்டர் பண்ணா ஆரம்ப நாள் எம்ஆர்ஐய விட இது நல்லா ஸ்ட்ரோக்க புடிக்கும்னு 2009ல ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லியிருக்கு. இதுல ஒரு விசித்திரம், விடாம சுத்தறவனுக்கு அந்த மொத சோதனை நார்மலா வந்தாதான் பயப்படணும், காது நல்லாருக்கு அப்ப கோளாறு மூளையிலன்னு அர்த்தம். இத நாம வீட்ல பண்ணி பாக்கற விஷயமே இல்ல. விடாம சுத்தறதோட ரெட்டையா தெரியறது, நாக்கு கொழறறது, மொகம் கோணறது, கை கால் மரத்துப்போறது, புடிச்சிக்கிட்டு கூட நிக்க முடியாதது, திடீர்னு காது கேக்காம போறது, இதுவரைக்கும் வராத தலைவலி, இதுல எது இருந்தாலும் வீடியோவும் வேணாம் ஒண்ணும் வேணாம், 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர்) அடிங்க.

மொத்தமா எனக்கு போனது நாலாயிரம் வெள்ளிய தாண்டும், அதுல பாதிக்கு மேல கார் வாடகை, அடுத்தது எம்ஆர்ஐ, அப்பறம் மசாஜ். சரியான எடத்துல ஆன செலவு அதுல ரொம்ப சின்ன பங்கு. இது திரும்ப வரக்கூடிய வியாதிதான், எனக்கும் கொஞ்ச மாசம் கழிச்சு லேசா வந்துச்சு, வீட்டுக்காரி வீடியோ எடுத்தா, அதே வலது பக்கம்தான்னு கிளினிக்ல பாத்து சொன்னாங்க, சரி பண்ணிட்டு வந்துட்டேன். வண்டி ஓட்டறவங்க சுத்தல் முழுசா நின்னு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்க தொடாதீங்க, ரிவர்ஸ் எடுக்க தலைய திருப்பறப்ப வந்துச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அப்பறம் ரெண்டல் கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறப்பவே ஒடம்பு சரியில்லாம போனா வாடகைய நிறுத்தி வைக்க வழி இருக்கா, அதுக்கு என்ன லெட்டர் வேணும்னு கேட்டு வச்சுக்குங்க. சில எடத்துல டாக்டர் மெமோ காட்டுனா கொஞ்ச நாள் தள்ளுபடி பண்றாங்க, ஆனா நாமளா கேட்டாத்தான் சொல்லுவாங்க.